மஞ்சக்குப்பம் வழக்கும் வடலூர் அடுப்பும்

1867 பிப்ரவரியில் சென்னையில் ஒரு பாட்டுப் புத்தகம் அச்சாகி வெளிவந்தது. அதே ஆண்டு மே 23-ஆம் தேதி, கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் வழியில், வடலூர் வெட்டவெளியில் ஓர் அடுப்பு மூட்டப்பட்டது. இரண்டுக்கும் உரியவர் ஒருவரே: சிதம்பரம் இராமலிங்கம் பிள்ளை, பின்னாளில் வள்ளலார் என்று ஊர் உலகம் அழைத்தவர். புத்தகத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு மூண்ட சண்டை கோயிலுக்குள் புகுந்தது, கோர்ட்டுப் படியேறியது, அவர் காலத்துக்குப் பிறகும் ஓயாமல் அடுத்த நூற்றாண்டுக்குள் நுழைந்தது. அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது.

அந்த அடுப்பை இன்றும் பார்க்கலாம். 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம். வீட்டு அடுப்பின் சாயல் அதில் இல்லை. நீளமாக வெட்டிய வாய்க்கால் போல இருக்கும். தண்ணீருக்குப் பதில் நெருப்பு ஓடும் வாய்க்கால். மேலே வரிசையாக அண்டாக்களை ஏற்றலாம். ஒரு பக்கம் சோறு வெந்துகொண்டிருக்கும்போதே மறுபக்கம் குழம்பு கொதிக்கும். எத்தனை பேருக்கு உலை வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய அடுப்பாகத் தெரியவில்லை. எத்தனை பேர் வந்தாலும் வரட்டும் என்று கட்டியது அது.

சிதம்பரத்துக்கு வடமேற்கே உள்ள மருதூர் என்ற சிற்றூரில் 1823 அக்டோபர் 5-ஆம் தேதி இராமலிங்கர் பிறந்தார். தந்தை இராமையா பிள்ளை ஊர்க் கணக்கர், தாய் சின்னம்மை. தந்தை சீக்கிரமே காலமாக, குடும்பம் பொன்னேரிக்கும் பிறகு சென்னைக்கும் நகர்ந்தது. சென்னையில் பாட்டும் சொற்பொழிவுமாகப் பெயர் பரவிய பிறகு, 1858 வாக்கில் சொந்தச் சீமைக்கே திரும்பினார். வடலூருக்கு அருகே கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் தங்கினார். அங்கிருந்தபடியே 1865-இல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அதற்குச் சமரச வேத சன்மார்க்க சங்கம் என்று பெயர்.

அடுத்து அவர் தேடியது இடம். சிதம்பரத்தின் கோயில் வீதிகளை விட்டார். கடலூர்ப் பட்டணத்தையும் விட்டார். சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் பெருவழியும் கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் வழியும் குறுக்கிடும் வடலூரைத் தேர்ந்தார். நான்கு திசையிலிருந்தும் ஆள் நடக்கும் இடம் அது. மாட்டு வண்டிக்காரன், சுமைகூலி, பிழைப்புத் தேடிப் போகும் குடியானவன், கோயிலுக்குப் போகும் பரதேசி, எல்லாரும் அந்த முனையைத் தாண்டித்தான் போக வேண்டும். பார்வதிபுரத்து மக்கள் ஏறக்குறைய 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். இன்றைய கணக்கில் 106 ஏக்கர் அளவு. அந்தப் பெருவெளியில் கூரை வேய்ந்த ஒரு சாலையில் தருமம் தொடங்கியது. தொடக்க நாளில், வள்ளலார் எழுதிய ஜீவகாருண்ய ஒழுக்கத்தின் ஒரு பகுதியைச் சிதம்பரம் வேங்கடசுப்பு தீட்சிதர் வாசித்தார் என்று சன்மார்க்கத்தார் வரலாறு சொல்கிறது.

அந்த நூலைக் கையில் எடுப்பவர்கள் முதல் சில பக்கங்களிலேயே திகைத்துப்போவார்கள். பசி உடம்பில் என்ன செய்கிறது என்று அவர் உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அறிவு மங்குவது, கண் குழிவது, காது அடைப்பது, நா உலர்வது, கைகால் சோர்ந்து துவள்வது என்று, நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரைப் போல வரிசைப்படுத்துகிறார். பிறகு சோறு உள்ளே இறங்கியதும் இவை ஒவ்வொன்றும் எப்படித் திரும்புகின்றன என்றும் எழுதுகிறார். பசித்தவனின் முகத்தை அவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும்.

யாருக்குச் சோறு போடுவது என்ற கேள்விக்கும் அந்த நூலில் விடை உண்டு. எந்தத் தேசத்தான், எந்தச் சமயத்தான், எந்தச் சாதியான், எப்படிப்பட்ட நடத்தை உள்ளவன் என்று விசாரிக்கவே கூடாது. பசி என்று வந்தவன் பசி தீர்ந்து எழ வேண்டும், அவ்வளவுதான். கொலையும் புலாலும் வள்ளலார் கொஞ்சமும் பொறுக்காதவை. பின்னாளில் அவர் கட்டிய சத்திய ஞான சபைக்குள் அவற்றை விட்டவர்கள்தான் நுழையலாம் என்று விதித்தவர். ஆனால் அவற்றை விடாதவனுக்கும் பசியை மட்டும் நீக்கியே ஆக வேண்டும் என்றார். தாம் மிக வெறுத்த பழக்கம் உள்ளவனையும் சோற்றுக்கு முன்னால் திருப்பி அனுப்பாத உறுதி அது.

அன்றைய சூழலில் இது எத்தனை பெரிய துணிவு என்பதை உணர, அக்காலத்துப் பந்தியை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்னதானம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பெருவழிகளில் சத்திரங்கள் இருந்தன. தஞ்சை மன்னர்கள் கட்டிய சத்திரங்கள் பெரும் பேர் பெற்றவை. ஆனால் பல சத்திரங்களில் யாருக்கு எங்கே இலை என்பது, வருகிறவர் வாசலில் கால் வைக்கும்போதே முடிவாகியிருக்கும். ஒரு சாராருக்கு உள்ளே தனிச் சமையல், தனிப் பந்தி. இன்னொரு சாராருக்கு வெளித் திண்ணை. கடைசியில் நிற்பவர்களுக்கு மிச்சம் இருந்தால் உண்டு. சோற்றோடு சேர்ந்து ஒவ்வொருவரின் இடமும் பரிமாறப்பட்டது. வடலூரில் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். அதுவும் ஊர்க் கோடியில், ஒளிவு மறைவாக அல்ல. எல்லாரும் பார்க்கிற நாற்சந்தியில்.

வேறு நாடுகளிலும் அந்த நூற்றாண்டின் சோற்றுக்குப் பின்னால் கேள்விகள் நின்றன. அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது, 1847-இன் நடுவில் அரசின் கஞ்சிக் கூடங்கள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 30 லட்சம் பேருக்கு உணவு கொடுத்தன. ஆனால் மதம் மாறினால்தான் சூப் என்று வேறு சிலர் சில இடங்களில் நிபந்தனை வைத்தார்கள். அதை வாங்கிக் குடித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பழியைச் சுமந்தார்கள். வடலூர்ச் சோற்றுக்கு அப்படியொரு விலை இல்லை. உண்டு எழுந்தவர் எந்தச் சங்கத்திலும் சேர வேண்டியதில்லை.

இனி அந்தப் புத்தகத்துக்கு வருவோம்.

இராமலிங்கரின் பாடல்களைத் தொகுத்து அச்சிட அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியாரும் அன்பர் இறுக்கம் இரத்தின முதலியாரும் பல ஆண்டு முயன்றார்கள். அவர் எளிதில் இசையவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டபோதும், இராமலிங்கசாமி என்று தம் பெயரைப் போட வேண்டாம், அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று கடிதத்தில் எழுதினார். வேலாயுத முதலியார் அதற்கு ஒரு வழி கண்டு, திருவருட்பிரகாச வள்ளலார் என்று போட்டார். நூலுக்குத் திருவருட்பா என்றும் அதன் பகுதிகளுக்குத் திருமுறை என்றும் பெயர் வைத்தார். அங்கேதான் நெருப்புப் பிடித்தது.

தேவாரமும் திருவாசகமும் உள்ளிட்ட நூல்களுக்கே திருமுறை என்ற பெயர் உரியது, அவையே அருளிலிருந்து பிறந்த பாக்கள் என்பது சைவர்களின் மரபு. உயிரோடு இருக்கும் ஒருவரின் பாட்டுக்கு அந்தப் பெயரைக் கொடுப்பதும், கோயில்களில் தேவாரம் பாட வேண்டிய இடத்தில் அதைப் பாடுவதும் பெருங்குற்றம் என்று எழுந்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். அவர் சாதாரணமான எதிரி அல்ல. தமிழ் உரைநடையைச் செப்பம் செய்தவர், பழைய நூல்களைப் பிழையறப் பதிப்பித்தவர், மிஷன் பள்ளிகளுக்கு ஈடாகச் சைவப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டியவர். 1864-இல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்தார். சைவ ஆசாரத்தில் மயிரிழையும் பிசகாதவர். சாதி ஒழுங்கையும் அந்த ஆசாரத்தின் ஒரு பகுதியாகவே கொண்டவர். அவர் ஒருவரைக் கண்டித்து எழுதினால் சைவ உலகம் முழுவதும் அதைப் படித்தது.

1869-இல் போலியருட்பா மறுப்பு வெளிவந்தது. அருட்பா அல்ல, மருட்பா என்ற சொல் அந்தச் சண்டையில் பிறந்து நிலைத்துவிட்டது. அதற்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு, கண்டனத்துக்குக் கண்டனம் என்று துண்டறிக்கைகளும் குறுநூல்களும் இரு பக்கமும் குவிந்தன. இவற்றையெல்லாம் தேடிச் சேர்த்து ப. சரவணன் நம் காலத்தில் தடித்த தொகுப்பாக வெளியிட்டிருக்கிறார். அதைப் புரட்டும்போது, அத்தனை படித்த பெரியவர்கள் ஒருவரை ஒருவர் அப்படியா ஏசினார்கள் என்று மனம் கூசுகிறது. இலக்கணப் பிழையில் தொடங்கி, பிறப்பு, குலம், பெயர் வரை எதையும் விட்டுவைக்கவில்லை. வள்ளலார் பக்கம் நின்று எழுதியவர்கள் பெரும்பாலும் அவருடைய மாணவர்களும் அன்பர்களும்தான்.

சண்டை சிதம்பரம் கோயிலுக்குள் நுழைந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. தீட்சிதர்கள் சிவதீட்சை பெறாமல் வைதிக முறையில் பூசை செய்கிறார்கள் என்று நாவலர் அவர்களையும் கண்டித்திருந்தார். அதனால் அவர்களுக்கும் அவருக்கும் பகை முற்றியிருந்தது. 1869 ஆனி உத்திரத்தை ஒட்டிக் கோயிலில் ஒரு கூட்டம் கூடியது. இராமலிங்கரும் அதில் இருந்தார். அந்தக் கூட்டத்தில் தம்மை இழிவாகப் பேசினார்கள் என்று நாவலர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார்.

மஞ்சக்குப்பம் கடலூரின் சர்க்கார் பகுதி. தென்னாற்காடு மாவட்டத்தின் கச்சேரியும் கோர்ட்டும் அங்கேதான் இருந்தன. பசித்தவனைச் சாதி கேட்காதே என்று எழுதிய ஒருவர், அந்தக் கோர்ட்டில் பிரதிவாதிகளில் ஒருவராக நின்றார். அன்றைக்கு அவருக்கு வயது நாற்பத்தாறு. இராமலிங்கர் உள்ளே வந்தபோது நாவலரே எழுந்து நின்றுவிட்டார், அதைக் கண்டே வழக்கு முடிந்தது என்று அன்பர்கள் ஒரு கதை சொல்வார்கள். நாவலர் வழியினர் அதை ஏற்பதில்லை. முடிவில் இராமலிங்கருக்குத் தண்டனை இல்லை; தீட்சிதர் தரப்பில் அபராதம் விழுந்தது. வழக்கு முடிந்ததே தவிர வசை முடியவில்லை.

அதன் பிறகு வள்ளலார் என்ன செய்தார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். சிதம்பரத்துக்கு நிகராக வடலூரை உத்தர ஞான சிதம்பரம் என்று அழைத்து, அங்கே எண்கோண வடிவில் சத்திய ஞான சபையை எழுப்பினார். 1872 ஜனவரி 25-ஆம் தேதி, தைப்பூசத்தன்று, ஏழு திரைகளை விலக்கி முதல் ஜோதி தரிசனம் நடந்தது. அதே ஆண்டு ஜூலையில் சங்கம், சாலை, சபை மூன்றின் பெயர்களையும் மாற்றினார். சமரச வேத தருமச்சாலை அதுமுதல் சமரச சுத்த சன்மார்க்க சத்திய தருமச்சாலை ஆயிற்று. திரும்பி வசை பாடப் பயன்பட்டிருக்கக்கூடிய ஆண்டுகள் சபை கட்டுவதிலும், சாலைக்கு அரிசி சேர்ப்பதிலும், ஓயாமல் பாடுவதிலும் போயின. 1874 ஜனவரி 30-ஆம் தேதி மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகம் என்ற வீட்டின் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1906-இல் வெளிவந்த தென்னாற்காடு மாவட்ட விவரச்சுவடியும் இந்தச் செய்தியைப் பதிவு செய்திருக்கிறது. விசாரிக்க வந்த கலெக்டர் கார்ஸ்டின், தருமச்சாலையைப் பற்றிக் கேட்டு, ஏழைகளுக்குச் சோறு போட 20 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார் என்று சன்மார்க்க வரலாறுகள் சொல்கின்றன.

இரண்டே ஆண்டில் பஞ்சம் வந்தது.

1876 முதல் 1878 வரை நீடித்த அந்தத் தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். செலவைக் குறைக்க வைஸ்ராய் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், 1877-இன் தொடக்கத்தில், நிவாரண வேலை செய்யும் ஓர் ஆண்மகனுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று விதித்தார். ஒரு ராத்தல் என்றால் 450 கிராம்தான். அதைப் பெறவும் முகாமுக்கு நடந்துபோய் மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். அது உயிரைத் தாங்காது என்று மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். பசித்தவனுக்குத் தகுதி இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் சோறு என்பது அரசின் கொள்கை. தகுதியை விசாரிக்கவே கூடாது என்பது வடலூரின் கொள்கை. அந்தக் கொடிய ஆண்டுகளிலும் சாலை அடுப்பு அணையவில்லை என்று சன்மார்க்கத்தார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்திலும் அதே காலத்தில் மழை பொய்த்தது. கொள்ளை நோயும் சேர்ந்துகொண்டது. அங்கே கஞ்சித் தொட்டித் தருமத்தைத் தொடங்கி, பணக்காரர்கள் வீட்டுக் கதவைத் தட்டி அரிசியும் காசும் வாங்கி, ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றியவர் யார் தெரியுமா? ஆறுமுக நாவலர்.

மஞ்சக்குப்பத்தில் வழக்குத் தொடுத்த அதே நாவலர்தான். பட்டினியைக் கண்டும் காணாமல் இருக்கிறது என்று வட மாகாண அரசாங்க அதிபர் துவைனத்தின் நிர்வாகத்தை வெளிப்படையாகச் சாடினார். துவைனம் வெள்ளை அதிகாரிகளில் செல்வாக்கு மிக்கவர். அவரைப் பகைத்துக்கொள்ள அங்கே பலர் அஞ்சினார்கள். நாவலர் அஞ்சவில்லை. உடல் நலம் குன்றியிருந்த அந்தக் கடைசி ஆண்டுகளில் அவர் ஏட்டை மூடி வைத்துவிட்டுக் கஞ்சித் தொட்டியின் கணக்கைப் பார்த்தார். 1879 டிசம்பரில் காலமானார். வள்ளலாரின் கொள்கையை அவர் ஏற்றார் என்று யாரும் சொல்ல முடியாது, கடைசிவரை ஏற்கவில்லை. ஆனால் தாது வருஷத்தில் அவரும் ஓர் அடுப்பை மூட்ட வேண்டியிருந்தது. அருட்பாவா மருட்பாவா என்று மோதிய இருவரின் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்கள் நெஞ்சு நெகிழும் இடம் இது.

அவர்களுக்குப் பின் வந்தவர்கள் சண்டையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற் பிள்ளை மருட்பா என்று மேடையேற, மறைமலையடிகள் அருட்பா என்று எதிர் மேடை ஏறினார். கூட்டங்களில் கூச்சல் எழுந்தது, மறுபடியும் கோர்ட்டு, மறுபடியும் துண்டறிக்கை. அந்தக் கூச்சலுக்கு நடுவில் அருட்பாவின் பக்கம் நின்று வாதாடியவர்களில் ஒருவர் நாகர்கோவில் இடலாக்குடியைச் சேர்ந்த முஸ்லிம் புலவர், சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். சைவர்களுக்குள் நடந்த சண்டையில் ஒரு முஸ்லிம் எழுந்து நின்று, ஒரு சைவத் துறவியின் பாட்டு அருளிலிருந்து பிறந்ததே என்று நிறுவினார். சமயம் விசாரிக்காதே என்று எழுதியவருக்கு அதைவிடப் பொருத்தமான வழக்கறிஞர் கிடைத்திருக்க முடியாது.

சிதம்பரத்தின் கதை அதோடு நிற்கவில்லை. 1910-இல் அந்த ஊருக்கு ஓர் இளம் துறவி வந்து சேர்ந்தார். ஆரணிப் பக்கத்தில் ஒரு தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் முனுசாமியாகப் பிறந்து, சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் கற்று, சகஜானந்தர் என்று பெயர் பெற்றவர். நந்தனாருக்குக் கோயில் வாசல் திறக்காத கதையை நாடெங்கும் பாட்டாகப் பாடிக் கண்ணீர் விட்ட காலம் அது. அந்த நந்தனாரின் சாதிப் பிள்ளைகள் அதே ஊரில் படிக்க இடமில்லாமல் நின்றார்கள். சகஜானந்தர் 1916-இல் ஓமக்குளத்தின் பக்கத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். ஏறக்குறைய 25 பிள்ளைகளோடு பள்ளி தொடங்கியது. ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதியும் வளர்ந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு எதற்குப் படிப்பு என்று கேட்ட ஊரில், பிடி அரிசியும் காசும் கேட்டு நடந்து நடந்து அந்தப் பள்ளியை வளர்த்தார்.

பின்னர் அவர் சட்டமன்றத்தில் பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். கோயில் நுழைவுக்காக இடைவிடாமல் பேசினார். 1947-இல் சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் வந்தபோது, தில்லைக் கோயிலின் வாசல் தம் மக்களுக்குச் சட்டப்படி திறந்ததை அவர் கண்ணால் கண்டார். 1959 மே 1-ஆம் தேதி காலமானார். சிதம்பரத்தில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவருடைய பள்ளியும் இருக்கிறது. அதே ஊரில் நாவலர் நிறுவிய பள்ளியும் அவர் பெயரிலேயே நடந்துகொண்டிருக்கிறது.

வடலூருக்கு அன்றைய வழிப்போக்கன் நடந்து வந்தான். இன்று கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்கிவிடலாம். நெய்வேலி அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் அங்கிருந்து தொலைவில் இல்லை. தைப்பூசத்தன்று காலை 6 மணி முதல் மறுநாள் விடியற்காலை வரை ஆறு முறை திரை விலகி ஜோதி தெரியும். அன்று பெருவெளி கொள்ளாத கூட்டம். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து அரிசி மூட்டையும் காய்கறியும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். வள்ளலார் பிறந்த அக்டோபர் 5-ஐத் தமிழ்நாடு அரசு தனிப்பெருங்கருணை நாள் என்று அறிவித்திருக்கிறது.

சாலையைப் பார்க்கப் பூசம் இல்லாத சாதாரண நாளில்தான் போக வேண்டும். கூட்டம் இருக்காது. வெள்ளை வேட்டியும் தலையைச் சுற்றிய வெள்ளைத் துணியுமாகச் சன்மார்க்க அன்பர்கள் அங்கும் இங்கும் நடமாடுவார்கள். பந்தியில் ஒரு வயதான அம்மா, பையை மடியில் அணைத்துக்கொண்டு ஒரு கூலியாள், கல்லூரிப் பிள்ளைகள் இருவர், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாத ஒரு பெரியவர் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பரிமாறுகிறவர் ஒவ்வொருவர் முன்னாலும் குனிவார். "ஐயா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" பெரியவர் பதில் சொல்லாமல் கையை மட்டும் கொஞ்சம் நகர்த்தி இடம் விடுவார். கரண்டி நிறையச் சோறு விழும். பேர் என்ன, ஊர் எது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவர் சாப்பிட்டுக் கையலம்பி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விருத்தாசலம் பஸ் நிற்கும் பக்கம் நடப்பார். உள்ளே மாலைச் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருப்பார்கள்.